75 எழுதிய கொடியும் எழுத்தே இல்லாத கொடியும்

குடியரசு தினத்துக்காக எங்கள் பள்ளிக்கு 2025-இல் இரண்டு தேசியக் கொடிகள் வாங்கினேன். ஒன்று ஆன்லைனில், பாலியஸ்டர். இன்னொன்று கதர்க் கடையில், கைநூல் கதர். முதலாவதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இரண்டாவதுதான் ஜனவரி 26 அன்று கம்பத்தில் ஏறியது. இரண்டையும் அளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். ஆகஸ்ட் 15-க்கும் அடுத்த ஜனவரிக்கும் கொடி வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பதினாறு வருஷமாகத் துணியைப் பார்ப்பதுதான் வேலை. தையல் விட்டிருக்கிறதா, அளவு சரியா, சாயம் சீராக ஏறியிருக்கிறதா, பிசிறு வெட்டியிருக்கிறார்களா என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பீஸ் பீஸாகப் புரட்டுவேன். என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவர். அதனால் கொடி வாங்கும் பொறுப்பு என் தலைக்கு வந்தது.

பழைய கொடி ரொம்ப நாள் உழைத்துவிட்டது. காற்றில் அடிபடும் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, காவி வெளுத்து சந்தன நிறத்துக்கு வந்திருந்தது. கிழிந்த, நிறம் போன கொடியை ஏற்றக் கூடாது என்பது கொடி விதி. 2024 நவம்பர் 26 அன்று பள்ளியில் அரசியலமைப்பு நாள் கொண்டாடினார்கள். 1949-இல் அதே தேதியில்தான் அரசியல் நிர்ணய சபை நம் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. 75 வருஷம் ஆகிறது. பிள்ளைகள் முகப்புரையை வாசித்து முடித்ததும் ஹெச்.எம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஜனவரி 26-க்கு அது நடைமுறைக்கு வந்தும் 75 வருஷம் முடியுது. இந்தத் தடவையாவது நல்ல கொடி ஏத்தணும்மா" என்றார். குழு உறுப்பினர்கள் ஆளுக்கு 200 ரூபாய் போட்டோம். இரண்டு பேர் 500 கொடுத்தார்கள். மொத்தம் 4,200 ரூபாய் சேர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். 2025 ஜனவரி 26 நமக்கு 76-வது குடியரசு தினம், ஆனால் 75 வருஷ நிறைவு. 1950-ஐ முதலாவதாக எண்ண வேண்டும். பேனர்களில் 75-வது குடியரசு தினம் என்று போட்டதை நான் இரண்டு இடத்தில் பார்த்தேன். பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

முதலில் ஆன்லைன் கொடி. டிசம்பர் கடைசியில் என் மொபைலில் விளம்பரம் வந்தது. "75 ஆண்டு சிறப்புக் கொடி, நாலரை அடிக்கு மூன்று அடி, 649 ரூபாய்." படத்தில் பளபளவென்று இருந்தது. வெள்ளைப் பட்டையில் சக்கரத்துக்குக் கீழே தங்க நிறத்தில் 75 என்றும், அதற்கும் கீழே முகப்புரையின் முதல் வரியும் போட்டிருந்தார்கள். நிறைவு விழாவுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று நினைத்துத்தான் ஆர்டர் போட்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைச் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை, இதே மாதிரி கொடியைப் பல பேர் விற்கிறார்கள்.

பொங்கலுக்கு முன்னால் பார்சல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மேஜையைத் துடைத்து, சுத்தமான வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கொடியைப் போட்டேன். டேப் வைத்தேன். அகலம் 36 அங்குலம் சரி. நீளம் 54 இருக்க வேண்டும், 52 தான் இருந்தது. தேசியக் கொடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் எப்போதும் 3-க்கு 2. இரண்டு அங்குலம் குறைந்தால் அந்த விகிதம் போச்சு. மூன்று பட்டையும் சமமாக இருக்க வேண்டும். இதில் காவியும் பச்சையும் பன்னிரண்டரை அங்குலம், வெள்ளை பதினொன்று. பிரிண்ட் போடும்போதே நடுவில் நழுவியிருக்கிறது. சட்டையில் இப்படி வந்தால் நாங்கள் தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

சக்கரம் வட்டமாகவே இல்லை. குறுக்கே அளந்தால் ஒரு கணக்கு, நெடுக்கே அளந்தால் அரை அங்குலம் குறைவு. சூட்டில் பிரிண்ட் ஒட்டும்போது துணியை ஒரு பக்கமாக இழுத்தால் இப்படித்தான் முட்டையாக வரும். ஆரங்களை எண்ணினேன், 24 இருந்தது. கொடியைத் திருப்பினேன். பின்பக்கம் சக்கரம் மங்கலாக, ஊறித் தெரிகிற மாதிரி இருந்தது. சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும். கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கும் அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கும் ஒரே கொடிதானே.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அந்த எழுத்துதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "இந்திய மக்களகிய நாம்" என்று அச்சடித்திருந்தார்கள். துணைக்கால் இல்லை. அரசியலமைப்பின் முதல் வரியில், மக்கள் என்கிற சொல்லை ஒட்டியே பிழை. பக்கத்தில் பிசிறு வெட்டுகிற அக்கா எட்டாவது வரை படித்தவர். அவர்தான் முதலில் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினார்.

அன்று சாயங்காலம் ஹெச்.எம். டீச்சரிடம் காட்டினேன். அவர் அளவையும் பார்க்கவில்லை, பிழையையும் பார்க்கவில்லை. "கொடி மேல எழுத்தே இருக்கக் கூடாதேம்மா" என்றார். அதற்கப்புறம்தான் இந்தியக் கொடி விதித் தொகுப்பை நான் உட்கார்ந்து படித்தேன். 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது அது. தேசியக் கொடியின் மேல் எந்த விதமான எழுத்தும் இருக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் வருஷச் சட்டமும் கொடி மேல் எழுதுவதை அவமதிப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. அதாவது, 75 வருஷத்தைக் கொண்டாடுகிறோம் என்று விற்கிற கொடி, நாட்டின் சட்டத்துக்கே மாறாக இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

திருப்பி அனுப்புகிறேன் என்று போட்டதும் விற்றவரிடமிருந்து போன் வந்தது. "எல்லாரும் இந்த மாதிரிதான் கேக்கறாங்க மேடம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். விதியை எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஒன்பது நாளில் பணம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கொடியை இன்னொருவருக்கு அனுப்புவார்களே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண், எழுத்து, வாசகம், யாருடைய படம் இருந்தாலும் அது தேசியக் கொடி இல்லை.

பொங்கல் லீவில் கம்பெனிகள் மூடியிருந்தன. ஜனவரி 18, சனிக்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கதர்க் கடைக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறங்கினால் குமரன் நினைவிடம். ஒரு வாரம் முன்னால் ஜனவரி 11 அவர் இறந்த நாள். 1932-இல் இதே ஊரில் கொடியோடு ஊர்வலம் போய், போலீஸ் அடித்து மண்டை உடைந்தபோதும் கொடியைக் கீழே விடாதவர். சென்னிமலைக்காரர், 28 வயசு கூட ஆகவில்லை. அவர் பிடித்திருந்த கொடியில் நடுவில் சக்கரம் கிடையாது, ராட்டை. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றபோதுதான் ராட்டைக்குப் பதில் சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. மகளுக்கு இது பாடத்தில் இருக்கிறது. "அம்மா, அப்ப அவரு புடிச்சிருந்தது கதர்க்கொடியா?" என்று கேட்டாள். பனியன் வருவதற்கு முன்னால் இந்த ஊர் கதருக்குத்தான் பேர் போனது என்று சொன்னேன்.

கடையில் அறுபது வயசைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். கொடி வேண்டும் என்றதும், "பள்ளிக்கூடத்துக்குங்களா அம்மணி? கம்பம் எத்தனை அடிங்?" என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. முதலில் கம்பத்தைக் கேட்கிறவருக்குத் தொழில் தெரியும். இருபது அடி என்றேன். ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். தேசியக் கொடிக்குத் தர நிர்ணய அளவுகள் ஒன்பது. பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், அதாவது 21 அடிக்கு 14 அடி. சிறியது மேஜை மேல் வைக்கிற 150-க்கு 100. எங்களுக்கு 1350-க்கு 900 போதும் என்றார். அந்த அளவுக்குச் சக்கரத்தின் விட்டம் 280 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

பீரோவிலிருந்து காக்கித் தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். உடனே பிரிக்கவில்லை. கவுன்டரை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, அப்புறம் பிரித்தார். "தரையில படக்கூடாதுங், அந்தப் பக்கம் புடிங்க" என்றார். நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம், நடுவில் மகள் கையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நூல் ஒரே தடிமனில் ஓடவில்லை. ஒரு இடத்தில் கொஞ்சம் பருத்து, அடுத்த அங்குலத்தில் மெலிந்து, மறுபடி பருத்து ஓடுகிறது. எங்கள் கம்பெனிக்கு இப்படி நூல் வந்தால் ரோலையே திருப்பி அனுப்புவோம். ஆனால் இது மில் நூல் இல்லை, ஒருவர் கையால் இழுத்து நூற்றது. அந்தப் பருமனிலும் மெலிவிலும் கை நின்றதும் நகர்ந்ததும் தெரிகிறது. நெசவு மட்டும் அத்தனை சீர். எங்கேயும் இழை விடுபடவில்லை, எங்கேயும் நெருக்கிக் கட்டவில்லை.

மூன்று பட்டையும் தனித்தனித் துணி. ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் திருப்பினாலும் பிசிறு இல்லை, வெட்டு ஓரம் வெளியே தெரியவில்லை. நான் பழக்கத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று மூன்று இடத்தில் எண்ணினேன். மூன்று இடத்திலும் ஒரே எண்ணிக்கை. நம் ஊர் டைலர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நேர்த் தையல் சிங்கரில் ஒன்றரை கஜத்துக்கு விடாமல் ஒரே கை அழுத்தம் வேண்டும். பட்டைகளை அளந்தேன். மூன்றும் 30 சென்டிமீட்டர்.

சக்கரத்துக்கு டேப் வைத்தபோது பெரியவர் சிரித்தார். குறுக்கே 28 சென்டிமீட்டர், நெடுக்கேயும் 28. கருநீலம், கறுப்பாகவும் இல்லை, வானநீலமாகவும் இல்லை. மகள் மேலே பன்னிரண்டு மணி இடத்திலிருந்து ஆரம்பித்து விரலைத் தொடாமல் எண்ணி வந்தாள், 24. அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முன்பக்கத்து ஆரமும் பின்பக்கத்து ஆரமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன, ஒரு இடத்தில் கூட இரட்டைக் கோடாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பிரிண்ட் போடும் எவரையும் கேளுங்கள், எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள். நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

சாயத்தையும் சோதிக்க ஆசை. கேட்டுவிட்டுத்தான் செய்தேன். கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, பச்சையின் உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்தேன். காவியிலும் அப்படியே. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கம்பத்தோடு சேர்கிற பக்கம் தடித்த கதரில், பழுப்பு நிறத்தில் உறை மாதிரித் தைத்திருக்கிறார்கள். அதற்குள் கயிறு ஓடுகிறது, மேல் நுனியில் மாட்டுவதற்குச் சின்ன மரக்கட்டை. அந்த உறையில்தான் ஐஎஸ்ஐ முத்திரையும் அளவும் இருக்கின்றன. கொடிக்கான தர நிர்ணயத்தின் எண் ஐ.எஸ். 1. முதல் எண்ணையே கொடிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கர்நாடகத்தில் ஹூப்ளி, பெங்கேரி என்றார். அங்குள்ள கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு கொடி தைப்பதற்கே பேர் போனது. தார்வாட், பாகல்கோட் பக்கத்துக் கிராமங்களில் நூற்று நெய்த துணி அங்கே வந்து கொடியாகிறது. தையல் வேலையில் பெண்கள்தான் அதிகம். நான் அந்த ஊரைப் பார்த்தது கிடையாது. ஆனால் தையலைப் பார்த்தால் தைத்தவரைக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. அந்த மூன்றாவது தையல் வரிசையில் நூல் முடிந்து புதுசாகப் போட்ட இடத்தைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். அவ்வளவு சுத்தமாக மறைத்திருக்கிறார்.

விலை 2,250 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி கிடையாது, தேசியக் கொடிக்கு வரி விலக்கு. ஆன்லைன் கொடியை விட மூன்று மடங்குக்கும் மேல். குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார், நியாயம்தான், கூலி வேலை செய்து கொடுத்த பணம். கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, தையலைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவரும் டைலர்தான். "சரி, இது ஆகும்" என்றார்.

கதர்க் கொடியில் கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. கனம் அதிகம். கம்பெனித் தராசில் வைத்தபோது பாலியஸ்டர் 90 கிராம், கதர் கயிறோடு சேர்த்து 300 கிராமுக்குப் பக்கம். லேசான காற்றுக்கு அது அசையாது. தினமும் ஏற்றி இறக்குகிற இடத்துக்கு, மழையும் வெயிலும் படுகிற மொட்டை மாடிக்கு, கதர் சீக்கிரம் உழைத்துப் போகும். நனைந்தால் அப்படியே மடித்து வைக்கக் கூடாது, நிழலில் விரித்து முழுசாகக் காய வேண்டும். அடித்துத் துவைக்கவும் பிழியவும் கூடாது. கடையில் எப்போதும் எல்லா அளவும் இருக்காது. எங்கள் அளவில் அன்று இரண்டுதான் இருந்தன.

பாலியஸ்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 30-இல் விதியைத் திருத்தி, மெஷினில் நெய்த துணிக்கும் பாலியஸ்டருக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம், வீட்டில் இரவிலும் பறக்க விடலாம் என்று. அந்த ஆகஸ்டில் தபால் நிலையத்தில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது, எங்கள் லைன் வீடுகளில் அநேகமாக எல்லார் வாசலிலும் பறந்தது. வாடகை வீட்டில் இருப்பவரும் கொடி கட்டலாம் என்பதே பெரிய விஷயம். 2004 ஜனவரி 23-இல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியைப் பறக்க விடுவது கருத்துச் சுதந்திரத்தின் கீழ் வருகிற அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. 2002-இல் விதித் தொகுப்பு வருவதற்கு முன்னால் இது பெரும்பாலும் அரசுக் கட்டடங்களின் விஷயமாக இருந்தது. ஆகவே 25 ரூபாய்க் கொடியும் கொடிதான். விகிதம், பட்டை, சக்கரம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். மறுநாள் சாக்கடையோரம் அது கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

சரி, 75-ஐ எங்கே எழுதுவது? பிள்ளைகளுக்கு அந்த வருஷத்தின் நினைவு வேண்டுமே. முகப்புரையைத் தனித் துணியில் அடித்துச் சுவரில் மாட்டலாம் என்று ஹெச்.எம். டீச்சர் சொன்னார். மீதிப் பணம் 1,950 இருந்தது. எங்கள் கம்பெனிக்கு வேலை செய்கிற பிரிண்டிங் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். ஆறு அடிக்கு நாலு அடி வெள்ளைக் காட்டன் துணி, கருநீல எழுத்து, ஒரே கலர் ஸ்கிரீன். துணிக்கும் ஸ்கிரீனுக்கும் மட்டும் 900 ரூபாய் வாங்கினார், கூலி வேண்டாம் என்றுவிட்டார். எழுத்துப் பிழை பார்க்க மூன்று பேர் உட்கார்ந்தோம், டீச்சர், நான், அந்தப் பிசிறு வெட்டுகிற அக்கா. அடியில் சின்னதாக 1950–2025. கொடிக்கு அந்த எழுத்து ஆகாது. சுவர்த் துணிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒரு வாரம் காலை வழிபாட்டில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் வாசித்துப் பழகினார்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம் வரை ஓடுகிறது, சகோதரத்துவத்தில் நாக்கு சிக்குகிறது. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பையன் ஏழாவதில் படிக்கிறான். தமிழ் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருஷம்தான். அந்த ஒரு சொல்லை மூன்றாகப் பிரித்துச் சொல்லிச் சொல்லிப் பழகினான். 26-ஆம் தேதி முன்னால் நின்று வாசித்தவன் அவன்தான்.

கயிறு இழுப்பது யார் என்ற பேச்சும் குழுவில் வந்தது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சித் தலைவரை, ஒரு பெண்ணை, சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடவில்லை. சில நாளில் மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். அந்தச் செய்தி எனக்கு மறக்கவே இல்லை. பாடப் புத்தகத்தைத் திறந்ததும் தீண்டாமை பெருங்குற்றம் என்று படிக்கிற பிள்ளைகள் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம். எங்கள் பள்ளியில் பதினோரு வருஷமாகக் கழிப்பறை கழுவி, வளாகம் கூட்டுகிற அக்காவின் பெயரை நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. டீச்சர் அன்றே போய் அவரிடம் கேட்டார். அவர் முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் ஒரு நாள் யோசித்துச் சரி என்றார்.

26 ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கே பி.டி. சாரும் நானும் கொடியைக் கட்டினோம். மடிப்புக்குள் ரோஜா இதழ் வைத்தோம், விரிப்பதற்கு முன் பூ வைக்க விதி தடை சொல்லவில்லை. முடிச்சு உருவு முடிச்சாக இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கதர் கனமாக இருப்பதால் முடிச்சைக் கொஞ்சம் இறுக்கிக் கட்ட ஆசை வரும், இறுக்காதீர்கள். முதல் நாள் இரண்டு தடவை ஒரு துண்டை வைத்துப் பழகிப் பார்த்தோம். பிள்ளைகள் மூன்று பக்கமும் ப மாதிரி நின்றார்கள், நாலாவது பக்கத்தின் நடுவில் கம்பம். அதுவும் பள்ளிகளுக்கென்று விதித் தொகுப்பில் சொன்ன முறைதான்.

அக்கா இழுத்தார். ஒரே இழுப்பு. இதழ்கள் அவர் தலையிலும் டீச்சர் தோளிலும் விழுந்தன. கொடி விரிந்து, காற்று இல்லாமல் கம்பத்தை ஒட்டித் தொங்கியது. தேசிய கீதம் முடிகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது. எனக்கு மனசு அடித்துக்கொண்டது, எல்லாரிடமும் பணம் வாங்கிக் கனமான கொடியை வாங்கிவிட்டோமோ என்று. பையன் முகப்புரை வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் இருக்கும்போது கிழக்கிலிருந்து காற்று வந்தது. கதர் எழும்பும்போது பாலியஸ்டர் மாதிரி படபடவென்று சத்தம் போடுவதில்லை. மெதுவாக, முழு அகலத்துக்கும் சேர்ந்து எழுந்தது. சக்கரம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு எதிர்ப்பக்கம் நின்ற மகள், தன் பக்கமும் தெரிகிறது என்று கண்ணால் காட்டினாள்.

சாயங்காலம் கொடியை மெதுவாக இறக்கினோம். ஏற்றும்போது விரைவாகவும் இறக்கும்போது நிதானமாகவும் செய்ய வேண்டும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, அப்புறம் இரண்டு பக்கமும் அடியாக நடுவுக்கு மடித்தால் சக்கரம் மேலே வந்து நிற்கும். அப்படியே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி டீச்சரின் பீரோவுக்குக் கொண்டுபோனோம். பழைய கொடியை அன்று இரவே, டீச்சர், பி.டி. சார், நான் மூன்று பேர் மட்டும் இருந்து, பள்ளிக்குப் பின்னால் ஒரு மண்சட்டியில் முழுசாக எரித்தோம். தனிமையில், மரியாதையாக எரிப்பதுதான் முறை. குப்பையில் போடவோ துடைக்கிற துணியாக்கவோ கூடாது.

வாங்க நினைப்பவர்கள் குறைந்தது மூன்று வாரம் முன்னால் பக்கத்துக் கதர்க் கடையில் கம்பத்தின் உயரத்தைச் சொல்லி வையுங்கள். போகும்போது டேப் கொண்டுபோங்கள், அளந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் கொடியோடு வந்த காக்கித் தாளைப் பெரியவர் எடுத்து வைக்கச் சொன்னார், பூச்சி வராமல் இருக்க அதிலேயே சுற்றி வைத்திருக்கிறோம். அடுத்து ஆகஸ்ட் 15-க்கு எடுக்க வேண்டும், ஒரு வாரம் முன்னால் பிரித்து நிழலில் காற்றாட விடச் சொல்லியிருக்கிறார்.